சிஸ்டர்கள் ஏன் இன்னும் ரிஜிஸ்டரை மூடவில்லை

"டாக்டர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், நர்ஸுகளுக்குக் கம்ப்யூட்டர் வராது, சீனியர் ஆட்கள் மாறவே மாட்டார்கள்." மருத்துவமனையில் மின்னணு மருத்துவப் பதிவு கொண்டுவரப் போகிறோம் என்று பேச்செடுத்தாலே இந்த மூன்று வாக்கியங்களும் வரிசையாக வந்து நிற்கும். மென்பொருள் விற்க வருகிறவர் சொல்வார், நிர்வாகம் சொல்லும், பயிற்சி கொடுக்க வருகிற பையன் முதல் நாள் டீ இடைவேளைக்குள் சொல்லிவிடுவான்.

நான் தென்மாவட்டம் ஒன்றில், அறக்கட்டளை நடத்தும் ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்.ஆர்.டி. என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு கேஸ் ஷீட் வந்து சேருகிற இடம். எந்தப் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, எந்த ஆபரேஷன் நோட்ஸ் எழுதப்படவே இல்லை, எந்த வார்டு ஃபைல் ஒழுங்காக வரும் என்பதெல்லாம் எங்களுக்கு அத்துப்படி. அதனாலோ என்னவோ, மென்பொருள் வந்தபோது அதை வார்டு வார்டாகக் கொண்டுபோகும் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் காதில் விழுந்ததை எல்லாம் வைத்து ஒன்று சொல்லலாம். ஊழியர்களின் எதிர்ப்பு என்று கூட்டக் குறிப்பில் எழுதி வைத்ததில் பெரும்பகுதி வேலையைப் பற்றிய தகவல்தான். இந்த வேலை இப்படி நடக்கிறது, நீங்கள் கொண்டுவந்திருப்பது அதற்கு ஒத்துவராது என்று அவர்கள் சொன்னார்கள். நாங்கள் "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதிக்கொண்டோம்.

கம்ப்யூட்டர் வராது என்பதை முதலில் தள்ளிவிடலாம். எங்கள் வார்டு சிஸ்டர்கள் போனில் பணம் அனுப்புகிறார்கள், தட்கல் டிக்கெட் எடுக்கிறார்கள், பிள்ளையின் பள்ளி ஆப்பில் வீட்டுப்பாடம் பார்க்கிறார்கள். தனக்குக் காரியம் ஆகும் என்றால் எந்த ஸ்கிரீனையும் மனிதர்கள் பழகிக்கொள்வார்கள். ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கும் ஒரு சிஸ்டர் டயட் ஆர்டர் பக்கத்தை ஒரே காலையில் கற்றுக்கொண்டார். அதற்கு முன்பு அதே வேலைக்காக அவர் தினமும் மூன்று மாடி இறங்கிச் சமையல்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

காகிதத்தின் மேல் எனக்குக் காதல் ஒன்றும் கிடையாது. கரையான் அரித்த ஃபைலை வைத்துக்கொண்டு கோர்ட் சம்மனுக்குப் பதில் தேடியவர்களுக்கு அந்தக் காதல் வரவே வராது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் கொண்டுவந்த நெறிமுறைப்படி உள்நோயாளியின் ஆவணத்தை 3 வருடம் வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். போலீஸ் கேஸ் என்றால் வழக்கு முடிகிறவரை வைத்திருப்பதுதான் நடைமுறை. சட்டத்தில் 72 மணி நேரம் என்பது எளிது. விடுமுறையில் போன டாக்டரின் கார் டிக்கியில் கிடக்கும் கேஸ் ஷீட்டை 72 மணி நேரத்துக்குள் வரவழைப்பது வேறு விஷயம். எழுத்து விஷயமும் தெரிந்ததுதான். மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்று 2016-இல் விதியையே திருத்த வேண்டியிருந்தது. நம் ஊரில் உண்மையான மருத்துவ ஆவணக் காப்பகம் ஜவுளிக்கடைப் பைதான். ஸ்கேன் ஃபிலிம், பழைய சீட்டு, ரத்தப் பரிசோதனை எல்லாம் அதற்குள் இருக்கும். நோயாளி பையை மறந்துவிட்டு வந்தால் அவருடைய பத்து வருட வரலாறும் வீட்டில் தங்கிவிடும்.

ஆகவே கம்ப்யூட்டர் வேண்டுமா என்பதில் விவாதமே இல்லை. அரசும் நெடுநாளாக இதில் இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனுதவியுடன் 2005-இல் தொடங்கிய சுகாதாரத் திட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் அரசு மருத்துவமனைகளில் கணினிப் பதிவு பரவியது. மத்திய அரசு மின்னணு மருத்துவப் பதிவுக்கான தரநிலைகளை 2013-இல் வெளியிட்டு 2016-இல் திருத்தியது. 2021 செப்டம்பரில் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்க வந்தது. இப்போது ஓ.பி. கவுன்டரில் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து ஆபா என்ற 14 இலக்க சுகாதார அடையாள எண்ணோடு டோக்கன் வாங்குகிறவர்களைப் பார்க்கலாம். கதவைத் தாண்டி உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எங்கள் மருத்துவமனையில் மென்பொருளை முதல் வாரத்திலேயே கொண்டாடியவர்கள் லேப்காரர்கள். அதற்கு முன்பு லேப் போன் ஓயாது. "பெட் பன்னிரண்டு கிரியாட்டினின் வந்துடுச்சா?" என்று வார்டிலிருந்து ஒருவர், அதையே கேட்டு ஐ.சி.யூ.விலிருந்து இன்னொருவர். இப்போது ரிசல்ட் போட்டவுடன் வார்டில் தெரிகிறது, போன் அடங்கிவிட்டது. மருந்தகத்திலும் அப்படித்தான். கிறுக்கலைப் படித்து யூகிக்கும் பொறுப்பு ஃபார்மசிஸ்ட் தலையிலிருந்து இறங்கியது. சந்தேகம் வந்து போன் போட்டால் "இதுகூடத் தெரியாதா" என்று டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது நின்றது. இவர்கள் இருவரிடமும் ஒத்துழைப்பு இல்லை என்ற பேச்சே எழவில்லை. பயிற்சிக்கு வராமலே பழகிவிட்டார்கள்.

இதைச் சிஸ்டர்கள் பக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முப்பது படுக்கை உள்ள பொது மருத்துவ வார்டு. இரவு டூட்டியில் இரண்டு ஸ்டாஃப் நர்ஸ். காலை ஆறு மணி பி.பி., நாடி, காய்ச்சல், ஆக்ஸிஜன் அளவு எல்லாம் எடுக்கத் தொடங்கினால் கம்ப்யூட்டர் நர்ஸிங் ஸ்டேஷனில் இருக்கும், நோயாளி அந்தக் கோடியில் இருப்பார். எனவே கையில் ஒரு துண்டுச்சீட்டு. சிலர் உள்ளங்கையிலேயே குறித்துக்கொள்வார்கள். நடுவில் ஒருவருக்கு டிரிப் தீர்ந்துவிடும், ஒருவருக்கு மூச்சிரைக்கும், ஒரு அட்டெண்டர் வந்து எக்ஸ்ரேக்கு ஆளைக் கேட்பார். எல்லாம் முடித்துத் திரும்பினால் அந்த ஒரே கம்ப்யூட்டரில் பி.ஜி. டாக்டர், அதாவது மேற்படிப்பு படிக்கும் டாக்டர், உட்கார்ந்து டிஸ்சார்ஜ் சம்மரி அடித்துக்கொண்டிருப்பார். "டாக்டர், கொஞ்சம் எழுந்திரிங்க" என்று எந்த ஜூனியர் சிஸ்டரும் சொல்லிவிட முடியாது. ஒருவழியாக இடம் கிடைத்து ஏற்றி முடிக்கும்போது ஏழே முக்கால். மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஏழே முக்கால் என்று நேரம் போட்டுக்கொள்ளும்.

நேரத்தைத் திருத்தலாம். திருத்தினால் திருத்தியதும் பதிவாகும். தரச்சான்று ஆய்வுக்கு வருகிறவர், "ஆறு மணி வைட்டல்ஸ் ஏன் ஏழே முக்காலுக்கு?" என்று கேட்பார். காகிதத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அங்கே ஆறு மணிக் கட்டத்தில் எழுதினால் அது ஆறு மணிதான். இதைச் சொன்னால் சிஸ்டர்கள் ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம், எங்கள் நிர்வாகத்திலும் ஒருவருக்குத் தோன்றியது. ஆனால் பி.பி. எடுத்தது ஆறு மணிக்குத்தான். உண்மையான நேரம் துண்டுச்சீட்டில் இருந்தது. கம்ப்யூட்டரில் இருந்தது கம்ப்யூட்டர் காலியான நேரம்.

அப்புறம் அந்த பி.பி. எத்தனை இடத்துக்குப் போகிறது என்று பாருங்கள். காலை ரவுண்ட்ஸில் சீஃப், அதாவது யூனிட்டின் தலைமை டாக்டர், கட்டில் தலைமாட்டில் தொங்கும் சார்ட்டைத்தான் பார்ப்பார், அதனால் அங்கே ஒரு முறை. ஷிஃப்ட் மாறும்போது ஒப்படைக்க ஹேண்ட் ஓவர் புத்தகத்தில் ஒரு முறை. மென்பொருளில் ஒரு முறை. ஒரே எண் மூன்று இடத்தில், துண்டுச்சீட்டையும் சேர்த்தால் நான்கு. ஏதாவது ஒன்றில் 130 என்பது 180 ஆகிவிட்டால் விளக்கக் கடிதம் எழுதுகிறவர் சிஸ்டர். வார்டில் எத்தனை நோயாளிகள் என்ற நள்ளிரவுக் கணக்கெடுப்பு, ஸ்டோரிலிருந்து பொருள் கேட்டு எழுதும் இண்டென்ட் புத்தகம், இறப்புப் பதிவேடு, உபகரண இருப்பு எல்லாம் இதற்கு மேல். மென்பொருள் வந்த நாளில் ஒரு ரிஜிஸ்டர்கூட மூடப்படவில்லை. "சிஸ்டம் செட் ஆகிறவரை இரண்டிலும் எழுதுங்கள்" என்று சுற்றறிக்கை வந்தது. எது வரை என்று அதில் இல்லை.

நர்ஸிங் சூப்பிரண்டென்ட் ஒரு கூட்டத்தில் எழுந்து, "சார், கம்ப்யூட்டர்ல போடுறோம், ஆட்சேபணையே இல்ல. எதை நிறுத்தட்டும், அதை மட்டும் சொல்லுங்க" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தின் குறிப்பில் "செவிலியர் தரப்பில் தயக்கம்" என்று இருக்கிறது. தட்டச்சு செய்தது எங்கள் பிரிவுதான் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அமெரிக்காவில் ஜோனதன் க்ரூடின் என்ற கணினி ஆய்வாளர் 1988-இலேயே, பலர் சேர்ந்து பயன்படுத்தும் மென்பொருள்கள் ஏன் தோற்கின்றன என்று ஆராய்ந்து, கூடுதல் வேலை ஒருவருக்கும் அதன் பலன் இன்னொருவருக்கும் போவதை ஒரு முக்கியக் காரணமாகக் காட்டினார். அவர் மருத்துவமனையை மனதில் வைத்துச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் லேப்பையும் வார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அவர் சொன்னது அப்படியே தெரிகிறது. லேப் தட்டச்சு செய்தால் லேப்புக்கே போன் குறைகிறது. சிஸ்டர் தட்டச்சு செய்தால் மாத இறுதியில் நிர்வாகத்துக்கு அழகான வரைபடம் கிடைக்கிறது.

இந்தக் கதையின் பெரிய வடிவத்தை என் அக்கா வாழ்கிறார். கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பெயர்வாரியாகப் பின்தொடரும் பிக்மி என்ற இணையப் பதிவு தமிழ்நாட்டில் 2008-இல் தொடங்கியது. 2017-இல் பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்.சி.ஹெச். எண் கட்டாயம் என்றார்கள். அந்த 12 இலக்க எண் பிக்மியில் கர்ப்பத்தைப் பதிந்தால்தான் வரும். அதனால் தனியார் மருத்துவமனையில் பார்த்துக்கொள்கிறவர்களும், பிரசவத்துக்கு அம்மா வீடு வந்தவர்களும் சுகாதார செவிலியரைத் தேடி வந்தார்கள். திட்டமாக இது நல்ல திட்டம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஒரு கர்ப்பிணியும் கணக்கில் விடுபடக் கூடாது என்பதில் யாருக்கு என்ன ஆட்சேபணை? ஆனால் அக்காவின் நாள் எப்படி ஆனது என்றால், பகலில் வீடு வீடாகப் போய்ப் பார்த்து நோட்டில் எழுதுவது, சிக்னல் கிடைக்கும் இடம் தேடி உட்கார்ந்து ஏற்றுவது, சர்வர் மெதுவாக இருந்தால் இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு ஏற்றுவது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு, வீட்டுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிற வேலைக்கு ஒரு ஆப், அதற்கென்று களப்பணியாளர்கள். அது வேறு, பிக்மி வேறு, தடுப்பூசிக்கு வேறு. ஒரே பெண்ணின் பெயரை ஒரே வாரத்தில் ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஏற்ற வேண்டியிருக்கிறது.

கணினிப் பதிவுச் சுமையை எதிர்த்து இந்தச் செவிலியர்கள் போராடியதும் உண்டு. செய்தியைப் படித்த ஒரு உறவினர், "கம்ப்யூட்டர் வேண்டாமாம்மா இவங்களுக்கு" என்று சிரித்தார். அக்கா சொன்னது: "கம்ப்யூட்டர் வேண்டாம்னு யார் சொன்னா? நான் ஏத்தினதை எனக்கே திரும்பக் காட்டட்டும். போன மாசம் எந்தப் பொண்ணுக்கு ஹீமோகுளோபின் எட்டு இருந்துச்சுன்னு நான் இன்னும் என் நோட்டைத்தான் புரட்டுறேன்." அந்த இணையதளத்தில் அப்படிப் பார்க்க வழி இருக்கிறதா என்று நான் கேட்டேன். இருக்கிறதாம். அது திறந்து முடிப்பதற்குள் நோட்டில் மூன்று பேரைப் பார்த்துவிடலாம் என்றார்.

சரி, டாக்டர்கள். இவர்களைப் பற்றித்தான் உலகம் முழுக்க ஆய்வுகள் கொட்டிக்கிடக்கின்றன. அமெரிக்காவில் 2009-இல் சட்டம் போட்டு, பெரும்பணம் ஊக்கத்தொகையாகக் கொடுத்து, மருத்துவமனைகளை மின்னணுப் பதிவுக்குத் தள்ளினார்கள். 2016-இல் வெளியான ஒரு ஆய்வில் 57 மருத்துவர்களின் வேலையைப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். நோயாளியோடு நேரில் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கம்ப்யூட்டரிலும் மேஜை வேலையிலும் போனது. அது போதாதென்று இரவில் வீட்டிலும் ஒன்றிரண்டு மணி நேரம். அங்கே டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்வதற்கென்றே ஆள் வைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது.

நம் ஊர் ஓ.பி.யில் ஒரு காலையில் நூறு பேர். ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம். அதில் நாற்பது விநாடி ஸ்கிரீனுக்குப் போனால் நோயாளியின் முகம் பார்க்க நேரம் இருக்காது. எங்கள் சீனியர் பொதுமருத்துவர் ஒருவர் கடைசிவரை சீட்டில்தான் எழுதினார். பிடிவாதக்காரர் என்று பேர். உள்நோயாளிகளுக்கு அதே மனிதர் மென்பொருளைத்தான் பார்ப்பார். பழைய ரிப்போர்ட்டுகளை வரிசையாகப் போட்டுச் சிறுநீரகம் எப்போதிருந்து கெட ஆரம்பித்தது என்று பி.ஜி.க்களுக்குக் காட்டுவார். என்னைக் கேட்டால் அவர் கணக்கு சரி. ஓ.பி.யில் மென்பொருள் அவருக்கு எதையும் தரவில்லை, வார்டில் தந்தது.

டாக்டர்கள் தரப்பில் உள்ள கோளாறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. எம்.ஆர்.டி.யில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும். சீஃபின் பாஸ்வேர்டு யூனிட் முழுவதற்கும் தெரிந்திருக்கும். வெளியூரில் மகள் கல்யாணத்தில் பந்தி கவனித்துக்கொண்டிருந்தவர் அன்று இரவு இரண்டு மணிக்கு மூன்று அட்மிஷன் போட்டதாகப் பதிவு இருக்கும். இன்னொன்று காப்பி-பேஸ்ட். நேற்றைய குறிப்பை அப்படியே எடுத்து இன்றைக்கும் ஒட்டுவது. ஐந்து நாள் குறிப்பும் எழுத்து மாறாமல் இருக்கும், ஐந்தாம் நாள் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார். கையால் எழுதிய காலத்தில் "அதே சிகிச்சை தொடரவும்" என்று ஒரு வரிதான் இருக்கும். அது சோம்பல் என்று பார்த்தவுடன் தெரியும். இப்போது ஒரு பக்கம் நிறைய இருக்கிறது, சோம்பல் என்று கண்டுபிடிக்க ஐந்து பக்கத்தையும் படிக்க வேண்டும்.

நோய்க் குறியீடு இன்னொரு வேடிக்கை. பெட்டியில் எழுத்தைத் தட்டினால் வருகிற பட்டியலில் எது முதலில் நிற்கிறதோ அதை அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் மருத்துவமனையில் ஒரு பருவம் முழுக்க ஆர் 50.9, அதாவது காரணம் குறிப்பிடப்படாத காய்ச்சல், பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. உள்ளே திறந்து பார்த்தால் டெங்கு, ஸ்க்ரப் டைஃபஸ், டைஃபாய்டு என்று குறிப்பில் தெளிவாக எழுதியிருக்கும். அந்த மாத அறிக்கையைப் படிக்கிறவர் எங்கள் தாலுகாவில் மர்மக் காய்ச்சல் என்று நினைத்திருப்பார்.

ஊழியர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காவிட்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் குழந்தைகள் மருத்துவமனையின் அனுபவத்தை எங்கள் குழுவில் நான் அடிக்கடி சொல்வேன். அங்கே டாக்டர்கள் மருந்தைக் கம்ப்யூட்டரில்தான் ஆர்டர் செய்ய வேண்டும் என்ற முறை 2002 அக்டோபரில் வந்தது. 2005-இல் அந்த மருத்துவமனை மருத்துவர்களே வெளியிட்ட ஆய்வின்படி, வேறு மருத்துவமனைகளிலிருந்து சிறப்புச் சிகிச்சைக்காக மாற்றி அனுப்பப்பட்ட குழந்தைகளில் இறப்பு விகிதம் 2.80 சதவீதத்திலிருந்து 6.57 சதவீதமானது. அந்த ஆய்வின் முறையைப் பற்றி விவாதங்கள் வந்தன. காரணமாக அவர்கள் சொன்னவற்றைப் படித்தால் எங்கள் காஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) சிஸ்டர்கள் பேசுவது போலவே இருக்கும். முன்பு ஆம்புலன்ஸ் வழியில் இருக்கும்போதே மருந்துக்கு எழுதி, தயாராக வைத்துவிடுவார்கள். புது முறையில் குழந்தை வந்து பதிவாகும்வரை ஆர்டர் போட முடியாது. சில விநாடியில் எழுதிய ஆர்டருக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிளிக் செய்ய வேண்டும். மருந்துகள் மையக் கிடங்கிலிருந்துதான் வர வேண்டும். படுக்கைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர் கம்ப்யூட்டர் முன்னால் நிற்கிறார்.

அடுத்த வருடமே சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. அதே நிறுவனத்தின் மென்பொருள். அங்கே இறப்பு கூடவில்லை. தீவிரச் சிகிச்சைப் பிரிவில் வழக்கமாக என்னென்ன ஆர்டர்கள் ஒன்றாகப் போகும் என்று முன்கூட்டியே தொகுத்து வைத்துவிட்டுத்தான் தொடங்கியிருந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸின் சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனையில் இதே போன்ற ஒரு முறையை, டாக்டர்கள் நூற்றுக்கணக்கில் கிளர்ந்தெழுந்ததால், 2003 தொடக்கத்தில் மொத்தமாக நிறுத்தவே வேண்டியிருந்தது. அந்த டாக்டர்களுக்கும் அப்போது கம்ப்யூட்டர் வராது என்றுதான் யாராவது சொல்லியிருப்பார்கள்.

பதிவாகாமல் எதுவும் செய்ய முடியாது என்ற பிட்ஸ்பர்க் சிக்கல் எங்கள் காஷுவாலிட்டியிலும் வந்தது. மருத்துவமனை எண் இல்லாமல் மென்பொருள் எதையும் அனுமதிக்காது. பாம்புக்கடி, சாலை விபத்து என்று தனியாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பெயர் சொல்ல ஆள் இருக்காது. பெயர், வயது, தந்தை பெயர், போன் எண் எல்லாம் கட்டாயப் பெட்டிகள். கவுன்டர் ஊழியர் வேறு வழியில்லாமல் தன் சொந்த போன் எண்ணைப் போட்டுவிடுவார். கொஞ்ச நாளில் அந்த எண்ணில் ஒரு டஜன் அடையாளம் தெரியாத ஆண்கள் சேர்ந்துவிட்டார்கள். இரவில் அவருக்கு, "உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு தயார்" என்று செய்தி வந்துகொண்டே இருந்தது.

இதைத் தீர்த்தது கம்பெனி அல்ல. ஒரு காஷுவாலிட்டி சிஸ்டர். முன்கூட்டியே எண் போட்ட உறைகளைத் தயாராக வைக்கலாம் என்றார். உறைக்குள் கைப்பட்டை, லேப் ட்யூபுகளுக்கான ஸ்டிக்கர், ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டு என்ட்ரிக்கான தாள். ஆள் வந்தவுடன் ஒரு உறையைப் பிரித்தால் வேலை ஓடத் தொடங்கிவிடும். பெயர் தெரிந்த பிறகு கவுன்டரில் சேர்த்துக்கொள்ளலாம். கம்பெனிக்காரர்கள் முதலில் முடியாது என்றார்கள், பிறகு தங்கள் மென்பொருளில் அந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னார்கள்.

எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்த ஒரு கேள்வியையும் சொல்ல வேண்டும். பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் இருந்த ஒரு இளம் சிஸ்டர், "எங்க ரெக்கார்டையும் எல்லாரும் பார்ப்பாங்களா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அங்கே வேலை செய்கிற எல்லோருமே அங்கே நோயாளிகளும்தான். பிரசவம், கருக்கலைவு, குழந்தைக்கான சிகிச்சை, மனநல ஓ.பி. எல்லாவற்றுக்கும் ஊழியர் சலுகையில் இங்கேதான் வருகிறார்கள். காகித ஃபைல் என்றால் என் அலமாரியில் இருக்கும், எடுக்க வேண்டுமானால் என்னிடம் கேட்க வேண்டும், நான் எதற்கு என்று கேட்பேன். கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினால் போதும். எச்.ஐ.வி. நோயாளிகளின் விவரத்தைப் பாதுகாக்க 2017-இல் சட்டமே வந்திருக்கிறது. பக்கத்து வார்டில் வேலை பார்க்கும் நாத்தனாரிடமிருந்து தன் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காப்பாற்ற அந்த சிஸ்டருக்கு என்ன வழி? யார், எப்போது, எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்ற பட்டியல் மென்பொருளில் இருந்தது. அதை வகுப்பிலேயே திறந்து காட்டச் சொன்னோம். காட்டியபோது அறையில் சில முகங்கள் மாறின. ஏற்கெனவே யாரோ யாருடையதையோ பார்த்திருக்கிறார்கள் என்று புரிந்தது. அதன் பிறகு பாஸ்வேர்டைப் பகிர்வது வெகுவாகக் குறைந்தது. பாதுகாப்புச் சுற்றறிக்கைகளால் ஆகாத காரியம்.

பிறகு சர்வர் படுத்துவிட்டால் என்ன செய்வது? இதைக் கேட்பவர்களையும் பழமைவாதிகள் என்பார்கள். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. ஓ.பி., அட்மிஷன், பில்லிங், லேப் ரிப்போர்ட் எல்லாம் கையால் எழுதி ஓடின. சீராக இரண்டு வாரம் போல ஆனது. நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே அந்த நிலை. அந்த வாரம் எங்கள் நர்ஸிங் சூப்பிரண்டென்ட் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டுப் போனார். அவர் சொல்ல வந்தது எல்லா ரிஜிஸ்டரையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றல்ல. கரண்ட் போனால், சர்வர் போனால் எந்தத் தாளில் எழுத வேண்டும், வந்த பிறகு அதை யார் ஏற்ற வேண்டும் என்று எழுதி ஒட்டுங்கள் என்று அவர் பல மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வார்டிலும் ஒரு சிவப்பு ஃபைல் வந்தது.

எங்களிடம் நிலைமை திரும்பியது "எதை நிறுத்தட்டும்" என்ற அவருடைய கேள்விக்கு நிர்வாகம் கடைசியில் பதில் சொல்லத் தொடங்கியபோது. ரிஜிஸ்டர்களை எல்லாம் ஒரு மேஜையில் அடுக்கி, இதை யார் படிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டோம். டயட் ரிஜிஸ்டரை யாருமே படிக்கவில்லை, முதலில் மூடினோம். நள்ளிரவுக் கணக்கெடுப்பை மென்பொருளே எடுத்துக்கொண்டது. இண்டென்ட் புத்தகத்தை மூடக் கூடாது, கையெழுத்து வேண்டும் என்று ஸ்டோர் கீப்பர் மல்லுக்கட்டினார், ஆடிட்டர் எழுத்தில் கொடுத்த பிறகு விட்டார். நோயாளி பக்கத்திலேயே பி.பி. ஏற்ற வார்டுக்கு இரண்டு டேப்லட்டுகள் வாங்கினார்கள். சீஃப்களும் ரவுண்ட்ஸில் அதையே பார்க்க வேண்டும் என்று முடிவானது. இரண்டு சீஃப்கள் இன்னும் தலைமாட்டுச் சார்ட்டைக் கேட்கிறார்கள், அந்த யூனிட் சிஸ்டர்கள் இன்னும் இரண்டிலும் எழுதுகிறார்கள். ஏ.ஆர். புத்தகத்தை யாரும் தொடவில்லை. கோர்ட்டில் போய் நிற்க வேண்டியது அது, கையெழுத்தோடு இருப்பதுதான் எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்தது அறுவை அரங்கு. மயக்க மருந்து டாக்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பி.பி.யையும் நாடியையும் கட்டத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போவார். அதை ஸ்கிரீனில் செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார். மானிட்டரிலிருந்து நேராக மென்பொருளுக்கு இணைப்புக் கொடுங்கள், மறுநாளே தாளை நிறுத்துகிறேன் என்பது அவருடைய நிபந்தனை. அந்த இணைப்புக்குக் கம்பெனி தனி விலை கேட்கிறது. நிர்வாகம் யோசித்துக்கொண்டிருக்கிறது. கூட்டக் குறிப்பில் இந்த முறை அவர் சொன்னதை அப்படியே தட்டச்சு செய்திருக்கிறேன்.